200 சதுர அடிக்குள் கட்டினால் பெர்மிட் வேண்டாமாம்!

கொல்லைப்புறத்தான் (நியூ ஜெர்சி):
சென்ற வாரம் இங்கே தச்சன்மகன் என்ற அன்பர் எழுதியதை மறந்திருக்க மாட்டீர்கள். "தனி கேரேஜ் 10-க்கு 20 அளவில் கட்டுங்கள். சரியாக 200 சதுர அடி. அமெரிக்காவில் எங்கும் பெர்மிட் தேவையில்லை." இப்படி ஒரு வரி. அதற்குக் கீழே பதினேழு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். இதே ஞானத்தைப் போன வருடம் வேறொருவர் எனக்கு உபதேசித்தார், நானும் நம்பினேன். சுவர் எழும்பி, கூரைச் சட்டம் ஏறிய மறுநாள் காலையில் கதவுச் சட்டத்தில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. வேலையை நிறுத்த வேண்டுமாம். என் மாநில விதியிலும் 200 என்றுதான் இருக்கிறது. ஆனால் அது தோட்டச் சாமான் வைக்கும் ஷெட்டுக்கு. உயரம் 10 அடியைத் தாண்டக்கூடாது, தண்ணீர்க் குழாயோ எரிவாயுவோ கழிவுநீர்க் குழாயோ போகக்கூடாது. என் கூரை முகடு பதினொன்றரை அடி, உள்ளே நிற்கப்போவது கார். இப்போது வரைபடம் போட்டு, கட்டிய பிறகு விண்ணப்பித்து, மூடிய சுவரைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து இந்த "எங்கும் தேவையில்லை" என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள்.

தச்சன்மகன் (ஒஹையோ):
உங்கள் கூரை உயர்ந்துவிட்டதற்கு நான் என்ன செய்வது? உயரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையாவது சொன்னேனா? பரப்பளவைப் பற்றிச் சொன்னேன். குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பில் "200 சதுர அடியை மிஞ்சாத" என்று இருக்கிறது. 200 என்பது 200-ஐ மிஞ்சுமா? மூன்றாம் வகுப்புக் கணக்கு. சொன்ன வார்த்தையில் நிற்கிறேன்.

பழைய ஓவர்சியர் (வர்ஜீனியா):
தம்பி, நாற்பது வருடம் செங்கல்லோடும் கம்பியோடும் வாழ்ந்தவன் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நீங்கள் காட்டுவது மாதிரி விதித்தொகுப்பு. அதை ஒரு மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்டால்தான் சட்டம். ஏற்கும்போது எண்ணை மாற்றிக்கொள்வார்கள். கலிபோர்னியாவில் 120. நியூயார்க் மாநிலத்தில் 144. எங்கள் வர்ஜீனியாவில் 256. வட கரோலினாவில் பரப்பளவையே பார்ப்பதில்லை, எந்தப் பக்கமும் 12 அடியைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். உங்கள் 20 அடி கேரேஜ் அங்கே வாசலிலேயே தோற்றுவிடும். "எங்கும்" என்றீர்களே, அந்த "எங்கும்" எங்கே இருக்கிறது?

அதை விடுங்கள். 200 என்கிறீர்களே, எங்கிருந்து எங்கே அளந்தீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.

தச்சன்மகன்:
சுவரிலிருந்து சுவருக்கு.

பழைய ஓவர்சியர்:
எந்தச் சுவரின் எந்தப் பக்கம்?

தச்சன்மகன்:
உட்பக்கம்தான். தரைப்பரப்பு என்றால் தரை. தரை உள்ளேதான் இருக்கும், வெளியே இருப்பது புல். இரண்டுக்கு நாலு சட்டத்தின் உண்மையான தடிமன் மூன்றரை அங்குலம். இருபுறமும் கழித்தால் உள்ளே 9 அடி 5 அங்குலம், 19 அடி 5 அங்குலம். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 183. நான் 200 என்று சொன்னதே தாராளம். இன்னும் 17 சதுர அடி என் கையில் மிச்சம் இருக்கிறது.

பழைய ஓவர்சியர்:
மிச்சமா! சட்டத்துக்கு மேல் பலகை அடிப்பீர்களா மாட்டீர்களா? பலகைக்கு மேல் சைடிங் என்ற வெளிப்பூச்சுப் பட்டை உண்டா இல்லையா? ஒரு பக்கத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்தால் வெளிப்புறம் 10 அடி 2 அங்குலம், 20 அடி 2 அங்குலம். பெருக்கினால் 205. இன்ஸ்பெக்டர் டேப்பை வெளியில்தான் வைப்பார், உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டு அளக்க மாட்டார். 205.

மல்லிகைத்தோட்டம் (கலிபோர்னியா):
இருவருக்கும் வணக்கம். ஒரு சின்னக் கேள்வி. "பெர்மிட்" என்று எதைச் சொல்கிறீர்கள்? கட்டட அனுமதி வேறு, மனையில் எதை எங்கே கட்டலாம் என்ற ஜோனிங் ஒப்புதல் வேறு, மின்சார அனுமதி வேறு. 200 என்பது முதலாவதற்கு மட்டும்தான். எல்லைக்கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ள வேண்டும், மனையில் எத்தனை சதவீதம் மூடலாம் என்பதெல்லாம் 50 சதுர அடி ஷெட்டுக்கும் பொருந்தும். அந்த விலக்குப் பட்டியலின் தலையிலேயே, பெர்மிட்டிலிருந்து விலக்கு என்பது விதியை மீற அனுமதி ஆகாது என்று எழுதியிருக்கிறார்களே, அதை யாராவது படித்தீர்களா? ஒரு விளக்குக்கு ஒயர் இழுத்தாலே தனி அனுமதி வேண்டும்.

தச்சன்மகன்:
சகோதரி சொல்வது இருக்கட்டும், அது பொதுவான விஷயம். ஓவர்சியர் ஐயா, 205 என்பது எந்த விதியில் இருக்கிறது? வணிகக் கட்டடங்களுக்கான பெரிய தொகுப்பில் மொத்தத் தரைப்பரப்பு என்பதற்கு வெளிச்சுவர்களின் உட்புறச் சுற்றளவுக்குள் இருப்பது என்றுதான் பொருள் எழுதியிருக்கிறார்கள். உட்புறம்! உட்புறம்! நீங்கள் சைடிங்கையும் பெயின்டையும் சேர்த்து அளக்கிறீர்கள். நாளைக்கு மேலே உட்காரும் காக்கையையும் சேர்ப்பீர்கள்.

பழைய ஓவர்சியர்:
வணிகக் கட்டடத் தொகுப்பை வீட்டுக் கொல்லைக்கு இழுத்து வருகிறார் பாருங்கள். தனக்கு வேண்டும்போது அந்தப் புத்தகம், வேண்டாதபோது இந்தப் புத்தகம். அந்தப் பெரிய தொகுப்பில் விலக்கு எண்ணே 120 என்பதை ஏன் சொல்லவில்லை? அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்களேன். விளக்கம் மட்டும் அங்கிருந்து, எண் மட்டும் இங்கிருந்து! தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஒருவர் நிற்கும்போது, நாலாவது காலைக் காட்டினாலும் அது வால் என்பார்.

சக்கரப்பாணி (டெக்சாஸ்):
எதற்கு இவ்வளவு சண்டை? அடியில் நாலு சக்கரம் மாட்டுங்கள். சக்கரம் இருந்தால் அது கட்டடம் இல்லை, வண்டி. வண்டிக்கு யார் கட்டட அனுமதி கேட்பார்கள்? என் நண்பர் அப்படித்தான் செய்தார். ஆறு வருடமாக யாரும் வரவில்லை.

பழைய ஓவர்சியர்:
யாரும் வரவில்லை என்பது விதி இல்லை, அதிர்ஷ்டம். ஆறு வருடமாக ஒரே இடத்தில் புல் முளைத்து நிற்கும் வண்டியை ஜோனிங் அதிகாரி வண்டி என்று ஏற்பார் என்று நினைக்கிறீர்களா? இதே சக்கரப்பாணிதான் போன கோடையில் வீட்டுச் சுவரோடு டெக்கின், அதாவது வீட்டை ஒட்டிய மரமேடையின், பலகையை வெறும் ஆணியால் அடித்தால் போதும் என்று எழுதினார். பிடுங்கிக்கொண்டு வரக்கூடிய ஆணியை மட்டும் நம்பி டெக்கைச் சுவரில் மாட்டக்கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. அன்றைக்கே சொன்னேன். அன்று பதில் சொல்லாமல் போனவர் இன்று சக்கரத்தோடு வந்திருக்கிறார்.

சக்கரப்பாணி:
டெக் விஷயம் இங்கே எதற்கு? அந்த டெக் இன்னும் நிற்கிறது. போன மாதம் அதன்மேல் இருபது பேர் நின்று பிறந்தநாள் கொண்டாடினோம்.

பழைய ஓவர்சியர்:
அழைப்பு அனுப்பாததற்கு நன்றி.

கொல்லைப்புறத்தான்:
ஐயா, தம்பி, எல்லோருக்கும்: நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பப் பெறச் சொல்லி. டெக்கும் சக்கரமும் எனக்கு வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. 10 அடி அகலத்தில் காரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்க முடிகிறதா என்று யாராவது யோசித்தீர்களா? எனக்கு முடியவில்லை. இடப்பக்கத்தில் ஒரு புல்வெட்டி வைத்த பிறகு நான் பின்பக்கம் வழியாக ஏறி இறங்குகிறேன். பெர்மிட்டைத் தவிர்ப்பதற்காகவே அளவைச் சுருக்கிக் கட்டினேன். இப்போது பெர்மிட்டும் வாங்குகிறேன், சுருங்கிய கேரேஜும் என் தலையில். முதலிலேயே கேட்டிருந்தால் 14-க்கு 24 கட்டியிருப்பேன்.

தச்சன்மகன்:
நீங்கள் பெரிய வண்டி வாங்கியதற்கும் நானா பொறுப்பு? சின்ன வண்டி தாராளமாக நிற்கும். 200.

செந்தமிழ்க்கிழார்:
விவாதம் சூடாக இருக்கிறது, ஆனால் தமிழ் எங்கே? "கேரேஜ்", "ஷெட்", "சைடிங்". வண்டிக்கொட்டில் என்று ஒரு நல்ல சொல் இருக்கும்போது இந்தக் கடன் சொற்கள் எதற்கு?

மல்லிகைத்தோட்டம்:
கொட்டில் என்றால் என் கண்ணில் மாடுதான் நிற்கிறது.

செந்தமிழ்க்கிழார்:
மாட்டுக்கொட்டில் என்று அடைமொழி சேர்த்தால்தான் மாடு. வெறும் கொட்டிலில் எதுவும் நிற்கலாம். தமிழில் படித்தவர்களே இப்படிப் பேசினால் என்ன செய்வது?

பழைய ஓவர்சியர்:
விண்ணப்பத்தில் வண்டிக்கொட்டில் என்று எழுதிக் கொடுங்கள் ஐயா, அந்தக் குமாஸ்தா கால்நடை வளர்ப்புப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார். விஷயத்துக்கு வருகிறேன்.

தச்சன்மகன் ஒன்றைக் கவனமாக மறைக்கிறார். எல்லைக்கோட்டிலிருந்து 5 அடிக்குள் சுவர் வந்தால் அது ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்பது மாதிரித் தொகுப்பின் விதி. பெர்மிட் தேவைப்படாத சின்னக் கட்டடங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. யாருக்கு விலக்கு? கருவிகள் வைக்கும் ஷெட், சாமான் ஷெட், குழந்தைகள் விளையாடும் வீடு, இவை போன்றவை. கார் இந்தப் பட்டியலில் இல்லை. பெட்ரோல் தொட்டியோடு நிற்கும் ஒன்றை விளையாட்டு வீடு என்று சொல்ல நெஞ்சம் துணிய வேண்டும்.

தச்சன்மகன்:
"இவை போன்றவை" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கேரேஜ் இவை போன்றதுதான். கூரை உண்டு, சுவர் உண்டு, சாமான் உண்டு. கார் என்பதும் ஒரு சாமான். என் புல்வெட்டியிலும் பெட்ரோல் இருக்கிறது, அதை வைத்தால் ஷெட் கேரேஜாகிவிடுமா?

பழைய ஓவர்சியர்:
கார் ஒரு சாமான்! குறித்து வைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே. நாளைக்கு மனைவியும் மக்களும் சாமான், ஆகவே வீடே ஷெட், ஆகவே வீட்டுக்கும் பெர்மிட் வேண்டாம் என்பார். கேரேஜ் தரை எரியாத பொருளில் இருக்க வேண்டும், கசிவதெல்லாம் வடிகாலையோ வாகனக் கதவையோ நோக்கி வடியும்படி சரிவு வேண்டும் என்று அதே தொகுப்பு தனியாக எழுதி வைத்திருக்கிறது. ஷெட்டுக்கு அப்படி எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான். உங்கள் மரத்தரைமேல் காரை ஏற்றப்போகிறீர்களா?

தச்சன்மகன்:
என் தரை மரம் என்று யார் சொன்னது? கான்கிரீட். நாலு அங்குலம். நானே ஊற்றியது.

மல்லிகைத்தோட்டம்:
கான்கிரீட் ஊற்றும் முன் 811-க்கு அழைத்தீர்களா? அடியில் எரிவாயுக் குழாய் போகிறதா என்று இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்களே? அப்புறம், மனையின் பின்பக்கத்தில் குழாய் கம்பிகளுக்கான ஈஸ்மென்ட் (மற்றவர்க்கு ஒதுக்கிய வழி உரிமை) இருந்தால் அதன்மேல் எதையும் கட்டக்கூடாது என்பது...

தச்சன்மகன்:
சகோதரி, நீங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கொண்டு வருகிறீர்கள். இங்கே பேச்சு பரப்பளவு பற்றி.

மல்லிகைத்தோட்டம்:
அழைக்கவில்லை என்று புரிகிறது.

சக்கரப்பாணி:
சக்கரம் இருந்தால் தோண்டவே வேண்டாம். சும்மா சொல்லி வைக்கிறேன்.

கொல்லைப்புறத்தான்:
நாளை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். சுவரைப் பிரித்து வைத்திருக்கிறேன், வெப்பக்காப்பும் ஒயரும் வெளியே தொங்குகின்றன. தூக்குக்குண்டு நூல் போல மனம் ஆடுகிறது. யாராவது உருப்படியாக ஒன்று சொல்லுங்கள். எல்லைக்கோட்டிலிருந்து தள்ள வேண்டிய தூரத்தை, அதுதான் செட்பேக்கை, எதிலிருந்து அளப்பார்கள்? சுவரிலிருந்தா, கூரை விளிம்பிலிருந்தா? என் விளிம்பு ஓர் அடி நீட்டிக்கொண்டிருக்கிறது.

தச்சன்மகன்:
சுவரிலிருந்து. உட்புறச் சுவரிலிருந்து.

பழைய ஓவர்சியர்:
செட்பேக்கை உட்புறச் சுவரிலிருந்து அளக்கும் நாடு இந்தப் பூமியில் இல்லை. கொல்லைப்புறத்தான் தம்பி, இதே மாதிரிப் பேச்சைக் கேட்டு ஏற்கனவே ஒரு சுவரைப் பிரித்துவிட்டீர்கள், போதும். சில ஊர்களில் விளிம்பு கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம், சில ஊர்களில் விளிம்பிலிருந்தே கணக்கு. உங்கள் நகர ஜோனிங் அலுவலகத்துக்குக் காலை எட்டு மணிக்கே தொலைபேசியில் பேசுங்கள்.

ஆனால் இந்த விளிம்பு விஷயத்தில் தச்சன்மகனுக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. வர்ஜீனியா விதி "கட்டடப் பரப்பு" என்கிறது, நியூயார்க் "மொத்தத் தரைப்பரப்பு" என்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்தால் கூரை நீட்டலை என்ன செய்வதாக உத்தேசம்? மாலையில் படம் வரைந்து கணக்கோடு எழுதுகிறேன். அதுவரை யாரும் இந்த இழையை மூட வேண்டாம்.

தச்சன்மகன்:
என்னிடம் ஏற்கனவே படம் இருக்கிறது. உட்புற அளவோடு. உங்களுடையது வரட்டும்.

செந்தமிழ்க்கிழார்:
"கூரை நீட்டல்" என்பதற்குத் தாழ்வாரம் என்று ஒரு சொல் உண்டு.

பழைய ஓவர்சியர்:
தாழ்வாரம் வேறு, இறவாரம் வேறு ஐயா. நீங்கள் சொல்ல வந்தது இறவாரம்.