ஜூனில் ஹேவ்லாக் படகு: கடல் எப்படி இருக்கும்?

மதுரைவாசி:
ஜூன் இரண்டாம் வாரம் அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குப் படகில் போகிறோம். அம்மாவுக்கு 65, பையனுக்கு 8. வானிலை ஆப்பில் தினமும் மழைக்குறிதான் காட்டுது. எதை வைத்துக் கடலைக் கணிப்பது?

நங்கூரம்:
மழையை விடுங்க, காற்றையும் அலையையும் பாருங்க. மே மூன்றாம் வாரத்தை ஒட்டியே தென்மேற்குப் பருவக்காற்று அந்தமானுக்கு வந்துடும். ஹைதராபாத்தில் உள்ள அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) தளத்தில் அலை முன்னறிவிப்பு இருக்கு. அதில் போடும் உயரம், எல்லா அலைகளிலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 1.5 மீட்டர்னு இருந்தா நடுநடுவே 2.5, 3 மீட்டர் அலையும் வரும். பக்கத்திலேயே அலைக்காலம், அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரம், வினாடியில் இருக்கும், அதையும் பாருங்க. ஒரே உயரம்தான் என்றாலும் 5, 6 வினாடி அலை படகைப் போட்டுக் குலுக்கும். 12 வினாடிக்கு மேல் உள்ளது படகை மெல்லத் தூக்கி இறக்கும், ஆனால் கரையில் வந்து பலமாக உடையும்.

ஆழிக்காற்று:
ஹேவ்லாக் வடகிழக்கே இருக்கு. போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், படகு உருளும். திரும்பும்போது அலை எதிரே வந்து மோதும். வாந்தி அதிகம் வருவது இதில்தான். முன்வரிசை, மேல்தளம் வேண்டாம். கீழ்த்தளத்தில், நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்காருங்க. வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடணும், குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. பையனுக்கு எவ்வளவுன்னு டாக்டரைக் கேளுங்க.

ராதாநகர் கடற்கரை மேற்குப் பார்த்தது. ஜூனில் அங்கே அலையும் இழுப்பும் அதிகம், பையனை முழங்காலுக்கு மேல் இறக்காதீங்க. கிழக்குப் பக்கம் விஜய்நகர், காலாபத்தர் அடக்கமா இருக்கும். பக்கத்து நீல் தீவில் இயற்கையா அமைந்த கல்பாலத்துக்கு, கடல்நீர் வடிந்திருக்கும் வற்றத்தில்தான் நடந்து போக முடியும். வற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், பழைய பதிவுகளில் உள்ள நேரத்தை நம்பாதீங்க.

மதுரைவாசி:
நன்றி. 14ஆம் தேதி காலை விமானம். 13 மாலைப் படகில் திரும்பினால் போதும்தானே?

நங்கூரம்:
போதாது. கடைசிப் படகு ரத்தானால் மாற்று வழி கிடையாது. 12ஆம் தேதியே போர்ட் பிளேர் வந்துடுங்க, 13ஐ ஊர் சுற்ற வைச்சுக்கலாம். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகுதுன்னு அறிவிப்பு வந்தால் இன்னும் ஒரு நாள் முன்னாடியே.