1985 அம்பாசிடர்: எஞ்சினைப் புதுப்பிப்பதா, மாற்றுவதா?

மயிலாப்பூர்வாசி:
அப்பா பயன்படுத்திய 1985 அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. நீலப் புகையும் வருகிறது. ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்குவது) செய்வதா, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய 1817 சிசி இசுசு எஞ்சின் வாங்கிப் பொருத்துவதா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பழையவண்டி:
ஐயா, எதையும் பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் சோதனை செய்து, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியே சிறிது ஆயில் விட்டதும் அழுத்தம் கணிசமாக உயர்ந்தால், தேய்மானம் பிஸ்டன் ரிங்குகளிலோ (வளையங்களிலோ) சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது. உயராவிட்டால் வால்வுகளைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் புகைந்து அடங்கினால், பெரும்பாலும் ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) வேலையோடு முடிந்துவிடும். ரீபோர் என்றே முடிவானால், புதிய பிஸ்டன்களை முதலில் வாங்கி, அவற்றை அளந்த பிறகே லேத்துக்காரர் சிலிண்டரைக் கடைய வேண்டும்; கிராங்க் ஷாஃப்டை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) அளக்காமல் எஞ்சினை மூடவும் விடாதீர்கள்.

அடையாறு ரவி:
இசுசு ஓட்டுவதற்கு இனிமையானதுதான். ஆனால் அதற்குரிய கியர் பாக்ஸையும் மவுண்டிங்குகளையும் சேர்த்துத் தேட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் வாகன மாற்றங்கள் பற்றிய 52ஆம் பிரிவைப் பார்த்து, ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து, ஆர்சி (பதிவுச் சான்று) புத்தகத்திலும் மாற்றத்தைப் பதிய வேண்டும். ரசீது தராத கடையில், விலை எவ்வளவு மலிவானாலும், எஞ்சின் வாங்காதீர்கள்.

மயிலாப்பூர்வாசி:
நன்றி. கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போதும் புகைகிறது.

பழையவண்டி:
அப்படியானால் ரிங்குகள்மீதே சந்தேகம் வலுக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, அங்கிருந்து புகை வேகமாக வீசுகிறதா என்று பாருங்கள்; வீசினால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.