மகனுக்குப் படக்கதை, மகளுக்கு நாளிதழ் நிர்வாகம்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சேலம் அம்மாப்பேட்டையில் பேப்பர் ஏஜென்சி நடத்துகிறேன். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். 1972-ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களைப் பார்த்துப் பார்த்தே வரையப் பழகியவன். போன வாரம் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே பக்கத்தில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தான். கட்டத்துக்குக் கட்டம் பனி ஏறுகிறது. கடைசியில் பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரிகிறது. முதலில் பென்சில், அப்புறம் நிப்பில் இந்தியன் இங்க். வசனத்துக்கு இடம் விட்டுத்தான் முகத்தையே வரைகிறான். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். ஓவியப் பிரிவா, விஷுவல் கம்யூனிகேஷனா, படக்கதைக்கு எது கைகொடுக்கும்? நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது? வேலைக்குப் போனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசுவதா, மாதச் சம்பளமா? வரைந்த படத்தின் உரிமை யாருக்கு?

மகள் பி.காம். விடியற்காலை 4 மணிக்கு என்னோடு உட்கார்ந்து கட்டுப் பிரித்து, இணைப்பிதழ் செருகி வளர்ந்தவள். நாளிதழில் சர்குலேஷன் (விற்பனை, விநியோகம்) அல்லது விளம்பரப் பிரிவில் சேர ஆசை. எம்.பி.ஏ. முடித்துவிட்டுப் போவதா, இப்போதே டிரெய்னியாக நுழைவதா?

இந்த வேலைகளில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தை இரண்டு வரி எழுதினாலும் பெரிய உதவி.