செல்ஃப் அமுக்குனா டக்குனு சத்தம் மட்டும் வருது, மோட்டார் போச்சா?

திருவொற்றியூர்_மீன்காரன்:
அண்ணன்மாரே ஒரு உதவி வேணும். 150 சிசி வண்டி, ஆறு வருஷம் ஆச்சு, கிக்கர் கிடையாது. ஒரு வாரமா செல்ஃப் அமுக்குனா சீட்டுக்கு அடியில டக்குனு ஒரே சத்தம், அவ்ளோதான், ஆனா ஹெட்லைட் மங்கவே இல்ல, ஹாரனும் நல்லா அடிக்குது. விடியக்காத்தால மூணு மணிக்கு காசிமேடு ஏலத்துக்குப் போயாகணும், தினமும் தள்ளித்தள்ளி ஸ்டார்ட் பண்ணி முட்டியே வலிக்குது. பட்டறையில சோதிச்சுக்கூட பார்க்காம புது பேட்டரி போடச் சொன்னாங்க, போட்டேன், அப்பவும் அதே கததான். மோட்டார மாத்தணுமா?

கொருக்குப்பேட்ட_மெக்கானிக்:
லைட்டு மங்கலன்னு சொன்ன பாரு தம்பி, அதுலயே பாதி பதில் கீது. மோட்டார் கரண்ட்ட இழுத்தா லைட்டு கொஞ்சமாவது மங்கணும். மங்கலன்னா கரண்ட்டு வழியில எங்கியோ அறுந்து போயிருக்கு. பேட்டரி கரண்ட்ட மோட்டாருக்கு விடுற ஸ்விட்ச்சு ரிலே, அந்த டக்கு சத்தம் அதுதான், அதுக்குள்ள பாயிண்ட் கருகியிருக்கும், இல்ல மோட்டார்ல சுத்துற பாகத்துக்குக் கரண்ட்ட கடத்துற கார்பன் கட்ட தேஞ்சிருக்கும். மல்டிமீட்டர 20 வோல்ட் டிசில வச்சு கறுப்ப இன்ஜின் மேலயும் சிவப்ப மோட்டார் போல்ட்டுலயும் வச்சுகினு செல்ஃப் அமுக்கு, 12 கிட்ட காட்டியும் சுத்தலன்னா மோட்டார்தான். ஸ்க்ரூடிரைவரால ரிலே போல்ட்ட சேக்குற வேல மட்டும் வேணாம்பா, பொறி பறக்கும், பக்கத்துலயே பெட்ரோல் ட்யூப் ஓடுது.

ராயபுரம்_ரைடர்:
ஒண்ணுமே காட்டலன்னா உடனே ரிலே வாங்கிடாதீங்க. கறுப்ப பேட்டரி மைனஸ்ல மாத்தி வச்சுப் பாருங்க, அங்க 12 வந்தா மைனஸ் ஒயர் இன்ஜின்ல சேர்ற எர்த் போல்ட்டுல துரு, கடல் காத்துல நம்ம பக்கம் இது சகஜம். மோட்டார கழட்டுறதா இருந்தா முதல்ல மைனஸ் ஒயர எடுத்துடுங்க. ஒயர் நட்ட திருகும்போது அடியில இருக்குற நட்ட இன்னொரு ஸ்பேனரால பிடிச்சுக்கணும், இல்லன்னா போல்ட்டோட சேந்து சுத்தி உள்ள இருக்குற பிளாஸ்டிக் உடைஞ்சுடும், எனக்கு ஒருவாட்டி அப்படித்தான் ஆச்சு.

திருவொற்றியூர்_மீன்காரன்:
பார்த்துட்டேன்ணா. 12.4 காட்டுச்சு, மோட்டார் அசையல. ஸ்பேனர் பின்பக்கத்தால லேசா தட்டிட்டு அமுக்குனா ஒருவாட்டி சுத்துச்சு, அப்புறம் மறுபடி கம்முனு ஆயிடுச்சு. கழட்டிப் பிரிச்சா உள்ள கறுப்புப் பொடி கொட்டுது, ஒரு கார்பன் அவ்ளோ தேஞ்சு போய் ஸ்பிரிங் கூட்டு விளிம்புலயே நிக்குது, அப்புறம் எப்படி அழுத்தும்? கார்பன் மட்டும் மாத்தலாம்னுதான் இருந்தேன், ஆனா ஆர்மேச்சர்ல, அதான் உள்ள சுத்துற பாகத்துல, கார்பன் உரசுற செம்புல நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சும் போகல.

கொருக்குப்பேட்ட_மெக்கானிக்:
அந்தப் பள்ளத்துல புது கார்பன் போட்டா சீக்கிரமே தின்னுடும், முழு மோட்டாரா போட்டுரு. பழசக் கையோட எடுத்துகினு போ, மோட்டார் முனையில பல்லு எத்தினின்னு எண்ணி, போல்ட் ஓட்டையையும் வச்சுப் பாத்து வாங்கு. மோட்டார் மேல இருக்குற ரப்பர் வளையம், அந்த ஓரிங்குல சொட்டு இன்ஜின் ஆயில் தடவித்தான் உள்ள தள்ளணும், காஞ்சு போனா மடங்கி ஆயில் கசியும்.

திருவொற்றியூர்_மீன்காரன்:
ஜிபி ரோடு போய் ஒம்போது பல்லுதான்னு எண்ணிப் பாத்து வாங்கியாந்து நானே மாட்டிட்டேன். இன்னிக்கு மூணு மணிக்கு தொட்டதும் எடுத்துச்சு, ரொம்ப நன்றிண்ணா.

கொருக்குப்பேட்ட_மெக்கானிக்:
சந்தோஷம்பா. மோட்டார் ஒயர் நட்டு மேல இருக்குற ரப்பர் மூடிக்குள்ள கொஞ்சம் கிரீஸ் தடவி வை, உங்க ஏரியா உப்புக்காத்து மொதல்ல அந்த நட்டத்தான் அரிக்கும்.