கணக்கியல் படித்தவள் முதலாம் ஆண்டு வகுப்புக்கு ஆசிரியையாக வரலாமா?

செம்பனைக்காரி:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். வயது 27. கணக்கியல் பட்டம் முடித்து, ஈப்போவில் நான்கு வருடமாகக் கம்பெனிக் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் லயத்து (தோட்டக் குடியிருப்பு) பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பட்டதாரிகளுக்கான ஆசிரியர் டிப்ளோமா எடுத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போகலாம் என்று இருக்கிறேன். இதைக் கேட்ட ஓர் ஆசிரியை, “அது பின்வாசல்மா” என்று சிரித்துவிட்டுப் போனார். உண்மையிலேயே பின்வாசலா?

முதலாண்டு டீச்சர்:
கோபிக்காதே தங்கச்சி, நானும் அப்படிச் சொல்கிற கட்சிதான். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து ஆசிரியர் கல்விக் கழகத்துக்குப் போனவள் நான். ஆயத்தப் பயிற்சி ஒரு வருடம், பட்டப்படிப்பு நான்கு வருடம். நீங்கள் வேறெதையோ படித்துவிட்டு, கடைசியில் ஒரு டிப்ளோமாவை ஒட்டிக்கொண்டு வருகிறீர்கள். பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் தெரிந்தால் பாதிக்கிணறு தாண்டிவிடலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது போதாது. சிலதுகளுக்குப் பென்சிலே பிடிக்க வராது. நான் ட, ப, ம என்று எளிய எழுத்துகளில் ஆரம்பிப்பேன். சுழி வைத்த எழுத்தெல்லாம் பிறகுதான். ‘அ’வில் தொடங்கினால் இரண்டாம் நாளே ஒரு பிள்ளை நோட்டை மூடி வைத்துவிடும். இதைக் கணக்கியல் புத்தகத்தில் பார்க்க முடியாது.

மண்டோர் மகன்:
டீச்சர், உங்கள் ட, ப, ம சரி. ஐந்து வருடம் படித்தால்தான் அது வரும் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் கே.பி.எல்.ஐ. இருந்த காலத்தில் வந்தவன், பட்டத்துக்குப் பிறகு ஓராண்டுப் பயிற்சி. அதற்கு முன்னே தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தேன். முதல் வருடம் நான் படுதோல்வி, மறைக்கவில்லை. “சார், நீங்க ஏன் எப்பவும் கத்தறீங்க?” என்று ஒரு பொடியன் கேட்டான். பக்கத்து வகுப்பு அக்காவிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். 17 வயதில் அப்பா அம்மா விண்ணப்பப் பாரம் பூர்த்தி செய்து அனுப்பியவர்களும் உங்கள் கழகத்தில் உண்டுதானே? கையில் உள்ள சம்பளத்தை விட்டுவிட்டு 27 வயதில் வருகிறவளுக்கு, எதற்காக வருகிறோம் என்றாவது தெரியும்.

முதலாண்டு டீச்சர்:
அந்த அக்கா யார் தம்பி? கழகத்தில் படித்தவர்தானே! நீங்கள் கற்றுக்கொண்ட அந்த ஒரு வருடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு முதலாம் ஆண்டு திரும்ப வருமா?

மண்டோர் மகன்:
வராது. அது எனக்கும் உறுத்துகிறதுதான்.

ஒட்டுப்பால்:
வாசல் முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பது இருக்கட்டும். கதவு எப்போது திறக்கும் என்று யாரும் சொல்லவில்லையே! அந்த டிப்ளோமாவுக்கு எல்லா வருடமும் எல்லாப் பாடத்துக்கும் ஆள் எடுப்பதில்லை. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் தேவையோ அதற்குத்தான். அறிவிப்பு வரும் முன்னே வேலையை விட்டுவிடாதே. எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுத்தாயா? பலர் கூடுதல் பாடம் என்று விட்டுவிட்டு, பிறகு தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, பிறந்த ஊரிலேயே போடுவார்கள் என்று கனவு காணாதே. ஜொகூர் முதல் பெர்லிஸ் வரை எங்கும் போடலாம். பெர்லிஸில் இருப்பது ஒரே ஒரு தமிழ்ப்பள்ளி, அங்கே போட்டால் அதிர்ஷ்டமா தண்டனையா என்று நீயே சொல்.

தோட்டப்பள்ளி என்றால் நிலைமையே வேறு. 150 மாணவருக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி. 30க்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பு. நான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் பள்ளி அப்படித்தான். ஒரு பக்கம் முதலாம் ஆண்டு எழுத்து, மறுபக்கம் இரண்டாம் ஆண்டு வாசிப்பு, நடுவில் ஒரே டீச்சர். தலைமையாசிரியரே மணியடிக்கிறார். எந்த வழியாக வந்தாய் என்று அங்கே கேட்க யாருக்கு நேரம்?

முதலாண்டு டீச்சர்:
அண்ணன் சொல்வதுதான் என் பயமே. சேர்ப்பு வகுப்பைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டினால் அவரும் தவிப்பார், பிள்ளைகளும் தவிக்கும். 2021இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். போன பிறகு வகுப்பறை மதிப்பீடுதான். ஒவ்வொரு பிள்ளையும் 1 முதல் 6 வரை எந்த அடைவு நிலை என்று நாமே பார்த்துப் பதிய வேண்டும். பதிவதில் உன்னை யாரும் மிஞ்ச மாட்டார்கள், கணக்குப்பிள்ளை! பார்ப்பதுதான் கஷ்டம்.

செம்பனைக்காரி:
தமிழ் எடுத்தேன் அண்ணா. பள்ளி விட்டபிறகு வகுப்பு, கடைசி பஸ்ஸில் வீடு. வேலையை இப்போதைக்கு விடவில்லை. ஆனால் டீச்சர், ஒன்று கேட்கிறேன். கோயில் மண்டபத்தில் ஒரு பையன் ஆறு மாதமாக ‘ள’வையும் ‘ழ’வையும் மாற்றி மாற்றியே எழுதுகிறான். வாயில் சரியாகச் சொல்கிறான். கையில்தான் வரவில்லை. நான் அவனை என்ன செய்திருக்க வேண்டும்?

முதலாண்டு டீச்சர்:
வாயில் வருகிறதா? அப்படியென்றால் காது நன்றாக இருக்கிறது. எழுதச் சொல்லாதே, கொஞ்ச நாள் மணலில் விரலால் வரையச் சொல். ‘பழம்’, ‘பள்ளம்’ இரண்டையும் படத்தோடு சுவரில் ஒட்டு. வருகிற ஞாயிறு எத்தனை மணிக்கு வகுப்பு? நான் பக்கத்துத் தோட்டம்தான், வந்து பார்க்கிறேன்.

மண்டோர் மகன்:
பின்வாசல் வழியாகவா வருவீர்கள் டீச்சர்?

முதலாண்டு டீச்சர்:
கோயில் மண்டபத்துக்கு ஏது தம்பி பின்வாசல்! ஒன்பது மணிக்கு வருகிறேன். மணல் நான் கொண்டு வருகிறேன்.