டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரில் கட்டியாகிறது, எந்த சர்பாக்டன்ட் (துகள் பரப்பில் ஒட்டும் சோப்பு மாதிரிப் பொருள்) போடலாம்?

புதுத்துகள்: 21 நானோமீட்டர் பவுடர். பாத் சோனிக்கேட்டரில் (மீயொலி அதிர்வு தரும் தண்ணீர்த் தொட்டி) அரை மணி நேரம் வைத்தால் பால் மாதிரி வருது, கொஞ்ச நேரத்தில் அடியில் உட்கார்ந்துவிடுது. டிஎல்எஸ் (ஒளிச்சிதறலால் துகள் அளவு பார்ப்பது) 1,400 நானோமீட்டர் காட்டுது. எந்த சர்பாக்டன்ட்? அவசரம்.

கூழ்மம்88: பிஎச் என்ன? வெறும் தண்ணீரா, உப்பு ஏதாவது இருக்கா? லிட்டருக்கு எத்தனை கிராம்? பவுடருக்கு மேல்பூச்சு உண்டா?

அலையோசை: பாத் போதாது. ப்ரோப் (கரைசலுக்குள்ளேயே இறக்கும் மீயொலிக் கம்பி) வையுங்க, ஐஸில் வைத்து பல்ஸ் மோடில்.

பழையகை: சோனிக்கேஷன் கட்டியை உடைக்கும், அவ்வளவுதான். உடைந்தது திரும்ப ஒட்டாமல் தடுப்பது பரப்பு மின்னூட்டம். இந்த அடிப்படையைப் பார்த்துவிட்டு வந்து கேட்டிருக்கலாம். பூச்சில்லாத டைட்டானியாவின் சம மின்புள்ளி, அதாவது நிகர மின்னூட்டம் பூஜ்யமாகும் இடம், பிஎச் 6 பக்கம். காற்றுபட்ட டீஅயனைஸ்டு தண்ணீரே 5.6-க்கு வந்து நிற்கும். விலக்குவிசை அங்கே சொற்பம், வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு ஜெயித்துவிடும்.

கூழ்மம்88: அமிலக் கரைசலில் எஸ்டிஎஸ் (எதிர் மின்னூட்டமுள்ள சர்பாக்டன்ட்) கொஞ்சமாகப் போட்டுவிடாதீங்க. துகளின் நேர் மின்னூட்டத்தை அது சமன்செய்து, இன்னும் வேகமாகக் கட்டியாக்கும்.

புதுத்துகள்: பிஎச் 6.3. லிட்டருக்கு 0.1 கிராம், பூச்சில்லை. 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு இருக்கு, அது முக்கியமா?

பழையகை: அதைத்தானே முதலில் சொல்லணும்! ஷூல்ட்ஸ்-ஹார்டி விதிப்படி, திரள வைக்க, ஒற்றை மின்னூட்ட அயனி தேவைப்படும் அளவில் இரட்டை மின்னூட்ட அயனி 64-இல் ஒரு பங்கு போதும்.

அயனிமேகம்: 64 என்பது பரப்பு மின்னழுத்தம் அதிகமாக இருக்கும்போதுதான். குறைவானால் அந்த 64 நாலு வரைக்கும் இறங்கும், அதாவது நாலில் ஒரு பங்கு தேவைப்படும். அதோடு, அந்த விதி எதிர் அயனிக்கு (துகளுக்கு எதிரான மின்னூட்டமுள்ள அயனி). பிஎச் 3-இல் துகள் நேர் மின்னூட்டம், எதிர் அயனி குளோரைடு. கால்சியத்தின் இரட்டை மின்னூட்டம், துகள் எதிர் மின்னூட்டமாகும் பிஎச் 9-இல்தான் கெடுக்கும்.

பழையகை: அயனிச் செறிவு 30 மில்லிமோலார், டெபை நீளம் (விலக்குவிசை எட்டும் தூரம்) 1.8 நானோமீட்டர்தான். எந்தப் பக்கம் போனாலும் உப்பு உப்புதான்.

அயனிமேகம்: கெடுக்கும், சரி. ஆனால் கால்சியம் சல்பேட்டாக இருந்தால், எதிர் அயனியான சல்பேட்டுக்கு இரட்டை மின்னூட்டம் என்பதால், பிஎச் 3-இல் கெடுவது பல மடங்கு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

அலையோசை: ப்ரோப் இல்லாமல் இதெல்லாம் பேசி என்ன பயன்?

கூழ்மம்88: 1 மில்லிமோலார் நைட்ரிக் அமிலத்தில், உப்பே இல்லாமல் கலக்கிட்டு சோனிக்கேட் பண்ணுங்க. டிஎல்எஸ்-க்கு நீர்க்கச் செய்வதும் அதே அமிலத்தில்தான். வெறும் தண்ணீர் ஊற்றினால் பிஎச் ஏறி க்யுவெட்டிலேயே (அளவிடும் சிறு குப்பி) துகள்கள் ஒட்டும். கால்சியம் கடைசியில், சேர்த்த உடனே அளவிடுங்க. 21 எதிர்பார்க்காதீங்க: தீச்சுடரில் செய்த பவுடரானால் துகள்கள் உருகி ஒட்டியிருக்கும், 100-க்குக் கீழே இறங்குவது கஷ்டம்.

புதுத்துகள்: அமிலத்தில் 160. நிற்குது. நன்றி.

அயனிமேகம்: கால்சியம் சேர்த்த பிறகு?

கூழ்மம்88: அந்த அளவையும் போடுங்க, சேர்த்து எத்தனை நிமிஷம் கழித்து என்றும்.