தென்பெண்ணைக்கு இக்கரை மனையா, அக்கரை மனையா? குழிக் கணக்கில் ஒரு சந்தேகம்

மஞ்சக்குப்பம் வாடகைதாரர்:

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக மஞ்சக்குப்பத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். மனை வாங்கிச் சிறிய வீடு கட்டலாம் என்று தேடியதில் இரண்டு மனைகள் அமைந்திருக்கின்றன. ஒன்று கடலூர்ப் பக்கம், தென்பெண்ணையாற்றின் தென்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது, இரண்டேமுக்கால் செண்ட். மற்றொன்று ஆற்றைத் தாண்டி, புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் இருக்கிறது. அதை இரண்டேகால் குழி என்று சொல்லி, குழிக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த பட்டா நகலில் செண்டும் இல்லை, குழியும் இல்லை. 00-01-12 என்று மட்டும் இருக்கிறது. வேறு ஆள் காத்திருப்பதாகச் சொல்லி, நாளை மறுநாளே முன்பணம் கொடுக்கும்படி தரகர் நெருக்குகிறார். இரண்டு மனைகளையும் எப்படி ஒப்பிடுவது, எதை முதலில் பார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பாகூர் ஏரிக்கரை:

ஐயா, அந்த எண்ணை முதலில் படித்துவிடலாம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற அளவை முறை இது: ஹெக்டேர், ஆர், செண்டியார். ஒரு செண்டியார் என்பது ஒரு சதுர மீட்டர்; நூறு செண்டியார் ஒரு ஆர். ஆகவே 00-01-12 என்பது 112 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,205 சதுர அடி. எங்கள் பக்கத்துக் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. (தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினரிடம் கேட்டுவிடாதீர்கள்; அங்கே குழி 144 சதுர அடி.) இரண்டேகால் குழி என்றால் 1,296 சதுர அடி இருக்க வேண்டும். தாங்கள் விலை கொடுக்கப்போவது 1,296-க்கு. பட்டாவில் இருப்பது 1,205. ஏறக்குறைய 90 சதுர அடி, ஒரு மாடிப்படியும் குளியலறையும் அடங்குகிற இடம், காகிதத்தில் இல்லை.

விற்பவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பாதைக்கு விட்ட இடத்தையும் சேர்த்து வாய்க்கணக்காகக் குழி சொல்வது இங்கே பழக்கம். நில அளவையரை வைத்து அளந்து, அளந்து கண்ட பரப்புக்குச் சதுர அடி வீதம் விலை என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடலூர் மனையையும் சதுர அடிக்கு மாற்றினால் 1,198 வரும். சிறியது என்று தாங்கள் நினைத்திருக்கக்கூடிய அந்த மனை உண்மையில் ஏழெட்டுச் சதுர அடிதான் குறைவு.

அடுத்தது, பழைய புதுச்சேரிப் பத்திரங்களில் கடாஸ்டர் எண்ணும் (பிரெஞ்சுக்கால நில அளவை எண்) பிற்காலத்தவற்றில் ரீசர்வே எண்ணும் (மறு அளவை எண்) இருக்கும். இரண்டும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றனவா என்பதை நில அளவைத் துறைப் பதிவேட்டில் சரிபார்க்காமல் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பக் கூடாது. உயில் வில்லங்கச் சான்றில் வராது. விற்பவரின் குடும்பத்தில் யாராவது பிரான்சில் இருந்தால், அவருடைய பங்கு என்ன, எந்தச் சட்டப்படி அவருக்கு வாரிசுரிமை வருகிறது என்பதைப் புதுச்சேரி வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். தங்கள் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’ குடும்பங்களுக்கு வழி வேறு.

கூத்தப்பாக்கம் மேற்பார்வையாளர்:

பரப்பைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்து, மழை விட்ட பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால்தான் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. எனவே வானம் வெளுத்துவிட்டது என்பதை வைத்து இந்த ஆற்றங்கரையில் எதையும் கணிக்க முடியாது. தரகரிடம் கேட்டால் தண்ணீர் வந்ததே இல்லை என்பார். பக்கத்து வீட்டின் மின் மீட்டர் எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். அது சுவரில் ஒருமுறை இடம் மாறியிருந்தால், கதை முழுவதும் அங்கேயே எழுதியிருக்கும்.

பேஸ்மட்டத்தைச் சாலை மட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்த்துவார்கள். கண்ணால் கண்ட வெள்ளத்தின் அடையாளத்துக்கு மேல் ஒன்றரை அடியாவது வைத்து, நிரப்பும் மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கச் சொல்லுங்கள். போர் போட்டதும் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள்: குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு அந்தத் தண்ணீரைக் கலக்கக் கூடாது, லாரித் தண்ணீர் வாங்கத்தான் வேண்டும். அஸ்திவாரத்தில் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் இருக்கிறதா என்று கான்கிரீட் போடும் நாளன்று நின்று பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் மேஸ்திரியின் மனவருத்தத்தைப் பார்த்தால், பத்து ஆண்டில் துருப்பிடித்த கம்பியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மஞ்சக்குப்பம் வாடகைதாரர்:

மிக்க நன்றி. நேற்று மாலை பாகூர் மனையை டேப் பிடித்து அளந்தோம். முகப்பு முப்பது அடி. ஆழம் நாற்பது அடி இரண்டு அங்குலம். பாதைக்காக முன்னால் விட்ட மூன்றடியையும் சேர்த்துத்தான் இரண்டேகால் குழி சொன்னதாக விற்பவரே ஒப்புக்கொண்டார். கடலூர் மனையின் பக்கத்து வீட்டில் மீட்டர் என் தலைக்கு மேலே இருந்தது. இடுப்பு உயரத்தில் பழைய பலகையின் நான்கு திருகுத் துளைகள் அப்படியே இருந்தன. வீட்டுக்கார அம்மா எதுவும் கேட்காமலேயே, “அந்தக் கார்த்திகையில் மாற்றினோம்” என்றார். பாகூர் மனையைச் சுற்றி அப்படி எதுவும் தென்படவில்லை. ஆனால் அருகே வாய்க்கால் ஓடுகிறது.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:

அருகில் ஓடுவது பங்காரு வாய்க்காலா, அதன் கிளையா என்று பாருங்கள். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டு செல்வது அதுதான். வாய்க்கால் புறம்போக்கு எங்கே முடிகிறது என்பதைப் புல வரைபடத்தில் குறித்து வாங்காமல் மதில் எழுப்பக் கூடாது. கடலூர் மனையை இன்னும் கைவிடவில்லையென்றால், அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று கேளுங்கள், 20.10.2016-க்கு முன் மனையாகப் பதிவாகாத, அங்கீகாரமற்ற மனையைப் பதிவு செய்ய மாட்டார்கள். அங்கே முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. புதுச்சேரிக் கட்டணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக விசாரியுங்கள். எந்த மனையானாலும் முன்பணத்தைக் காசோலையாகக் கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி விற்பவருக்கே தண்டம். இதைச் சொன்னால் தரகரின் அவசரம் பெரும்பாலும் ஒரு வாரம் தள்ளிப்போகும். அதற்குள் அளவையரை அழைத்து வந்துவிடலாம்.